பீச்சாங்கைத் தவிலும் பைண்டிங் அண்ணனும்

எல்லாருக்கும் வணக்கம்.

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்புக்காகத் தவிலைப் பற்றி நான் செய்த இதழை நேற்று மதியம் துறையில் ஒப்படைத்துவிட்டேன். வந்து தூங்கி, எழுந்து சாப்பிட்டு, மறுபடி தூங்கி எழுந்து இதை எழுதுகிறேன். விரலில் பசை இன்னும் முழுசாக உரியவில்லை. கடந்த பத்து நாள் என்ன பாடு பட்டேன் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு நானே போன் போட்டு அழுதிருக்கிறேன். அதனால் அந்தக் கதை வேண்டாம்.

முதலில் மொத்தமாகச் சில நன்றிகள். மூன்று ராத்திரிக்குத் தன் லேப்டாப்பைத் தந்துவிட்டு போனிலேயே அசைன்மென்ட் எழுதிய ஜூனியருக்கு. பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் தமிழ் ஒட்டினால் 'கொ' கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறி நின்றபோது, வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்புக்கு மாற்றச் சொல்லி ஒரே நிமிடத்தில் சரிசெய்த இரண்டாம் ஆண்டுத் தம்பிக்கு. மெய்ப்பு பார்த்து ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் வட்டம் வட்டமாகப் போட்டுத் தந்த தமிழ் மிஸ்ஸுக்கு (அத்தனை வட்டம் இருக்கும் என்று நினைக்கவேயில்லை). அச்சுச் செலவுக்குக் கொடுத்த சித்திக்கு. பணம் தருகிறேன், ஆனால் இந்த மாதம் இல்லை. கோயில் மண்டபத்தில் வெயில் ஏறுகிற வரைக்கும் பொறுமையாக உட்கார்ந்து படமெடுக்க விட்ட தவில் ஐயாவுக்கு.

இனி பைண்டிங் அண்ணன். பெயர் போடலாமா என்று கேட்டேன். "பேரெல்லாம் எதுக்கு பாப்பா" என்றுவிட்டார்.

ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த அச்சகம். செவ்வாய் இரவு பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. உள்தாள்கள் 130 ஜிஎஸ்எம் (தாளின் எடைக் கணக்கு) ஆர்ட் பேப்பரில் அடித்து முடிந்து சூடாக அடுக்கி வைத்திருந்தார்கள். சென்டர் பின், அதாவது நடுமடிப்பில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கம் நாலால் வகுபட வேண்டும். நான் முதலில் 26 பக்கம் செய்துகொண்டு போய் நின்றது தனி அவமானம், இங்கே வேண்டாம். தவில் ஐயா படம் போட்ட 25 அட்டையும் 300 ஜிஎஸ்எம்மில் வந்துவிட்டது. அண்ணன் ஓர் அட்டையை எடுத்து மடிப்புக்கோடு போட வைத்தார். வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, இவரு பீச்சாங்கையா?"

"இல்லையே அண்ணா."

"அப்ப கழி ஏன் சோத்துக்கையில இருக்கு?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அந்தப் படத்தை நான் திருப்பிப் போட்டிருந்தேன். ஐயா இடப்பக்கம் பார்க்கிற மாதிரி விழுந்த படம் அது. நம் புத்தகத்துக்கு முதுகு இடப்பக்கம். அட்டையில் இருக்கிறவர் முதுகைப் பார்த்தால் இதழுக்கு முகத்தைக் காட்டவே பிடிக்காதவர் போல இருக்கும் என்று தோன்றியது. ஹரிசான்டல் ஃப்ளிப், ஒரே ஒரு அழுத்தல். மாஸ்ட்ஹெட் (அட்டையில் இதழின் பெயர்) அழகாக உட்கார்ந்தது, தலைப்புகளுக்கு இடம் கிடைத்தது. வழிகாட்டியிடமிருந்து "நல்லா வந்திருக்கு" என்ற பாராட்டும் கிடைத்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், உள்ளே 9ஆம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன்: வலந்தலையில் (தவிலின் வலப்பக்க முகம்) கூடு என்ற விரலுறை போட்ட வலக்கை விரல்கள், தொப்பியில் (இடப்பக்க முகம்) இடக்கையில் பிடித்த பூவரசங்கழி. அட்டையிலோ எல்லாம் தலைகீழ். ஆறு மாதம் தவிலைப் பற்றியே பேசிக்கொண்டு திரிந்த எனக்கு அது கண்ணில் படவில்லை.

அண்ணனுக்கு எப்படிப் பட்டது? அவருடைய பெரியப்பா மன்னார்குடிப் பக்கம் தவில் வாசித்தவராம். பள்ளிக்கூட வயசில் அவருக்குக் கூடு காய வைத்ததெல்லாம் அண்ணன்தான். மேசையிலிருந்த பசை டப்பாவைத் தட்டிக் காட்டினார். "சோத்துப் பசையோ மைதாப் பசையோ, துணியில தடவி விரல்ல சுத்திக் காய வெச்சா கல்லு மாதிரி ஆயிடும். நான் அப்பலேர்ந்து பசையிலதான் இருக்கேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பீச்சாங்கைக்காரர்களும் உண்டு, ஒருவேளை இவரும் அப்படியோ என்றுதான் கேட்டாராம். தப்பு என்று அவர் சொல்லவேயில்லை.

சிஸ்டத்தில் இருந்தவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். அண்ணன்தான் அவரிடம் பேசி உட்கார வைத்தார். படத்தை நேராக்கியதும் ஐயா முதுகைப் பார்த்தார். தலைப்புகளையெல்லாம் வலப்பக்கம் தள்ளி, மாஸ்ட்ஹெட்டைக் கொஞ்சம் சின்னதாக்கி, மறுபடி 25 அட்டை. ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதற்குள் அண்ணனின் கடைசி பஸ் போய்விட்டது. "ஷேர் ஆட்டோ கெடைக்கும், விடு" என்றார்.

காத்திருந்த நேரத்தில் நடுப்பக்கத்தைப் புரட்டினார். தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்திக்கு அது முழுதாக ஒதுக்கியது; அளவெட்டிக்காரர், 1975இல் நாற்பது வயதைத் தாண்டிய கொஞ்ச காலத்திலேயே போய்விட்டவர். என் வகுப்புத் தோழன் வரைந்த படம் இரண்டு பக்கத்துக்கும் நீளும். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வீணாய்ப் போன அட்டைக் கட்டின் மேல் விரலால் மெதுவாகத் தட்டிக் காட்டினார், தத்தித்தொம்நம். "பெரியப்பா இவரு கேசட்ட போட்டா வீட்டுல யாரும் பேசக்கூடாது. பயப்படாத, பின் மூஞ்சில விழாம அடிச்சுத் தரேன்." விழவில்லை.

மூன்று வருஷம் விஸ்காம் படித்ததில் படம் என்பது நகர்த்துகிற, வெட்டுகிற, திருப்புகிற சாமான் என்று கை பழகிவிட்டது. அந்த ஐயா எழுபது வயதுக்காரர், ஆறு வயதில் கழி பிடித்தவர். அவருடைய கைகளை ஒரு நொடியில் மாற்றி வைத்துவிட்டு மாஸ்ட்ஹெட் நன்றாக இருக்கிறது என்று ரசித்திருக்கிறேன். புத்தகத்தைத் தபாலில் பிரித்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று யோசிக்கும்போதெல்லாம் காது சூடாகிறது. ஒன்று மட்டும் முடிவு செய்துவிட்டேன்: வாத்தியத்தோடு இருக்கிற மனிதர் படத்தை இனி நான் திருப்ப மாட்டேன். நாளை வேலைக்குச் சேர்கிற இடத்தில் ஆர்ட் டைரக்டர் சொன்னாலும் ஒருமுறை வாய் திறந்து கேட்பேன்.

சரி. இன்னும் நாலு பிரதி இருக்கிறது. ஒன்று தவில் ஐயாவுக்கு இன்று கூரியரில் போகிறது. ஒன்று சித்திக்கு. ஒன்றை லேப்டாப் ஜூனியர் வந்து வாங்கிக்கொள்ளவும். கடைசிப் பிரதியில் ஓரம் கொஞ்சம் கோணலாக வெட்டுப்பட்டிருக்கிறது. அதைத்தான் அண்ணன் கேட்டார். சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், அவரே நேராக வெட்டிக்கொள்வாராம்.