இன்னும் மூன்று வருடம் இங்கேதான்

அன்புள்ள பாப்பா,

போனில் சொன்னால் பாதியிலேயே சண்டைக்கு வருவாய், அதனால் எழுதுகிறேன். அப்பாவின் ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டித்துக் கொடுத்திருக்கிறார்கள். நாங்களும் சரி என்று சொல்லிவிட்டோம். "டிரினிடாட்ல அப்படி என்னம்மா இருக்கு, டொரண்டோவுக்கு வந்துடுங்க" என்று நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டு.

ஆச்சி ஊரிலிருந்து வந்ததிலிருந்து நாங்கள் இருக்கும் கூவாவைத் தாண்டவே இல்லை. அன்று புளியோதரை கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பினோம். வழியில் தம்பி டபுள்ஸ் கடையைப் பார்த்துக் காரை நிறுத்தச் சொன்னான். டபுள்ஸில் வைக்கிற, மஞ்சள் போட்டுப் பொரித்த பாரா ரொட்டியும் கொண்டைக்கடலையும் ஆச்சிக்குப் பிடித்துவிட்டன. மிளகாய்ச் சட்னியைக் கொஞ்சமாகப் போடுகிறேன் என்று கடைக்காரர் சொன்னதும், "ஏலே, நல்லாப் போடச் சொல்லு" என்றாள். அந்த மிளகாயின் காரம் உனக்குத்தான் தெரியுமே. வாயைத் திறக்கவில்லை, கண் மட்டும் கலங்கியது.

காரப்பிச்சைமாவில் 85 அடி அனுமாரைப் பார்த்துவிட்டு, வடைமாலை சாத்த எத்தனை வடை வேண்டும் என்று அப்பாவைக் கணக்குப் போடச் சொன்னாள். அங்கிருந்து வாட்டர்லூ கடல் கோயில். நாம் அங்கே போகும்போதெல்லாம் நீ ஹெட்போனை மாட்டிக்கொண்டு காரிலேயே இருந்துவிடுவாய். அதனால் அந்தக் கதையை நீ முழுதாகக் கேட்டிருக்க மாட்டாய்.

சிவதாஸ் சாது கரும்புத் தோட்டத்துக் கூலி. 1940களின் கடைசியில் கரையோரமாக ஒரு கோயில் கட்டினார். அது சர்க்கரைக் கம்பெனியின் நிலம். இடிக்கச் சொன்னார்கள், அவர் மாட்டேன் என்றார். கோயிலை இடித்ததோடு விடாமல் அவரையும் 14 நாள் ஜெயிலில் போட்டார்கள். வெளியே வந்தவர், கடல் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லையே என்று தண்ணீருக்குள் கட்ட ஆரம்பித்தார். கல்லையும் சிமெண்டையும் சைக்கிளில் கொண்டுவந்து, தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து மேடு எழுப்பினாராம். சாகும்வரை, வருடக்கணக்கில், அதே வேலை. அவர் காலத்துக்குப் பிறகு அலை அடித்துச் சிதைந்துபோனதை 1995இல் எடுத்துக் கட்டினார்கள். இந்தியக் கூலிகளோடு முதல் கப்பல் வந்தது 1845இல், அதன் 150ஆம் வருடம் அது.

தம்பி இதைச் சொல்லச் சொல்ல ஆச்சி நின்றுவிட்டாள். "கோயில் கெட்டினதுக்கா செயிலு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நம்ம பக்கத்து ஆட்கள் யாரும் வரவில்லையா என்றும் கேட்டாள். வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் பீகார், உத்தரப்பிரதேசப் பக்கம்தான், மதராஸிலிருந்தும் கொஞ்சம் பேர் வந்தார்கள், காளி கோயில்களில் அவர்கள் வழிபாடு இன்னும் நடக்கிறது என்றேன். அடுத்த ஞாயிறு அங்கே போக வேண்டுமாம். வீடுகளின் முன்னால் மூங்கிலில் பறக்கிற ஜண்டிக் கொடிகள் ஒவ்வொன்றையும் அது எந்தச் சாமிக்கு என்று கேட்டு அப்பாவை ஒரு வழி பண்ணிவிட்டாள்.

சாயங்காலம் கரோனி சதுப்பு நிலத்தில் படகு. படகோட்டி ஒரு கிளையைக் காட்டினார். பந்து மாதிரி சுருண்டு கிடந்தது, மலைப்பாம்பு போன்ற போவா இனத்துப் பாம்பு. தம்பி போட்டோ எடுக்க, நான் கண்ணை மூடிக்கொண்டேன். இருட்டப் போகும் நேரத்தில் அரிவாள்மூக்கன்கள் கூட்டம் கூட்டமாக வந்து எதிரே இருந்த அலையாத்தி மரங்களில் இறங்கின. அவ்வளவும் சிவப்பு. தின்கிற நண்டும் இறாலும்தான் அந்த நிறத்தைக் கொடுக்கிறதாம், குஞ்சுகள் பழுப்பாகத்தான் இருக்கும் என்றார் படகோட்டி. "கூந்தன்குளத்துல வராத பறவையா?" என்று ஆரம்பித்த ஆச்சி, கரை வரும்வரை வேறு பேச்சே பேசவில்லை.

இங்கே எல்லாம் சுகம் என்று நான் சொல்லவில்லை. இருட்டினதும் வீட்டுக்கு ஓடி வருகிறோம், ஜன்னலுக்கெல்லாம் கம்பி, தம்பி பத்து நிமிடம் தாமதமாக வந்தாலும் எனக்கு வயிறு கலங்கும். உன் பயம் எனக்கும் உண்டு. ஆனால் அப்பாவுக்கு ஐம்பத்து நாலு வயது. தூத்துக்குடியில் யூரியா ஆலையில் கற்ற வேலைக்கு இங்கே பாயின்ட் லிசாஸ் தொழிற்பேட்டையில் மரியாதை இருக்கிறது. டொரண்டோவுக்கு வந்தால் யாரிடமோ போய் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். அவர் உன்னிடம் இதைச் சொல்ல மாட்டார். எனக்கும், முன்பின் தெரியாத பெண்கள் கோயில் வாசலில் பிரசாதத்தை ஆச்சி கையில் திணித்து, உட்கார நாற்காலி போட்டுக் கொடுக்கிற ஊரை அவ்வளவு சீக்கிரம் விட மனசு வரவில்லை.

கோபம் தீர்ந்ததும் போன் பண்ணு. உனக்கு லீவு டிசம்பரில்தானே? ஆச்சி பொங்கல் வரை இருப்பாள். தேதியைச் சொன்னால் விலை ஏறுவதற்குள் அப்பா டிக்கெட் போட்டுவிடுவார். வரும்போது அங்கே தமிழ்க் கடையில் மூட்டுவலித் தைலம் இரண்டு புட்டி வாங்கி வா. இங்கே கிடைப்பதைத் தைலம் என்றே ஆச்சி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

அம்மா