காய்ந்த கிளைகளை அழிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் உயர்மலைக் குடில்களைப் படமெடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மரக்கிளைகளையே ஃப்ரேமாக வைத்துக் குடிலைக் காட்டும் விதத்தைக் கட்டுரையாளர் எளிமையாகச் சொல்லியிருந்தார். படங்களும் நன்றாகவே இருந்தன. ஆனால் கடைசிப் பகுதியில் ஓர் ஆலோசனை வருகிறது. குடிலைச் சுற்றி நிற்கும் பட்டுப்போன வெள்ளைக் கிளைகள் கண்ணை உறுத்தினால், கணினியில் அழித்துவிடலாமாம். அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது.

விக்டோரியாவின் போகாங் உயர்சமவெளியிலும், எல்லைக்கு அந்தப்பக்கம் நியூ சவுத் வேல்ஸின் கோசியஸ்கோ தேசியப் பூங்காவிலும் மலைச்சரிவெங்கும் அந்த வெள்ளைக் கிளைகளைப் பார்க்கலாம். அவை ஸ்நோ கம் மரங்கள். யூகலிப்டஸ் இனம்தான், ஆனால் பனி விழும் உயரத்தில் வளர்வதால் முறுக்கிக்கொண்டு, குட்டையாக, பல தண்டுகளோடு நிற்கும். 2003 ஜனவரியில் பற்றிய காட்டுத்தீ இந்த மலைகளில் மிகப் பெரிய பரப்பை எரித்தது. தீயில் தண்டு செத்தாலும், மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கு போன்ற வேர்முண்டிலிருந்து மரம் மறுபடி துளிர்க்கும். அதனால்தான் கீழே பச்சைப் புதரும் மேலே வெள்ளைக் கொம்புகளுமாக ஒரே மரத்தில் இரண்டு வயதைப் பார்க்கிறோம். முன்பிருந்த பருமனுக்கு அந்தத் துளிர் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் இன்னொரு தீ வந்தால், அப்புறம் இன்னொன்றும் வந்தால், வேரில் சேர்த்து வைத்த சக்தி தீர்ந்து மரம் முழுதாகவே போய்விடும். 2003-க்குப் பிறகு 2006-07 கோடையிலும் 2019-20 கோடையிலும் இந்த மலைத்தொடரில் பெரிய தீ வந்திருக்கிறது.

ஆக, அந்தக் கொம்புகளை அழித்தால் படத்திலிருந்து போவது தீயின் தடயம். மிஞ்சுவது எந்தக் காலத்திலும் இல்லாத ஒரு காடு.

குடிலை மட்டும் வரலாறு என்றும் மரத்தை அலங்காரம் என்றும் பிரிப்பதில்தான் சிக்கலே. போகாங் உயர்சமவெளியில், ஃபால்ஸ் கிரீக் என்ற பனிச்சறுக்கு ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் வாலஸ் குடிலை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் மாடு மேய்க்க மேலே வந்த வாலஸ் சகோதரர்கள் மூவர் 1889-ல் கட்டியது. அந்தச் சமவெளியில் இன்றைக்கு மிஞ்சியிருக்கும் மேய்ச்சல்காரர் குடில்களில் மூத்தது அதுதான். அதன் சுவர்கள் ஸ்நோ கம் மரத்தைப் பிளந்து எடுத்த பலகைகள். சுற்றிலும் கவிந்து நிற்கும் கிழட்டு மரங்களும் அதே ஸ்நோ கம். அங்கே ஃப்ரேமும் படப்பொருளும் ஒரே மரம். கூரையிலும் சுவரிலும் பின்னால் தகரம் ஏறியது. அதையும் மறைக்கக் கூடாது. விக்டோரியாவின் ஆல்பைன் தேசியப் பூங்காவில் மேய்ச்சல் உரிமங்கள் 2005-ல் முடிந்துபோயின. மாடும் இல்லை, மேய்த்தவரும் இல்லை. அவர்களைப் பற்றிப் பேச மிச்சமிருப்பவை இந்தச் சுவரும் இந்த மரமும்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். குடிலை மறுபடி கட்டிவிட முடியும். பழமையின் அடையாளமாக எல்லோரும் படமெடுக்கும் கிரெய்க் குடில் 1980-களின் தொடக்கத்தில் ஒரு சினிமாவுக்காகப் போட்ட செட். 2006 டிசம்பர் தீயில் அது எரிந்தது, பிறகு அதே இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். கோசியஸ்கோவில் 2020 ஜனவரித் தீயில் டிலேனி குடில் உட்படப் பல குடில்கள் போயின, அவற்றில் சிலவற்றை மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். தச்சரும் மரமும் பணமும் இருந்தால் ஓரிரு ஆண்டில் குடில் எழுந்துவிடும். நூறு, இருநூறு வயது ஸ்நோ கம்மை யார் கட்டித் தருவது?

தீயோடு முடிந்தாலும் பரவாயில்லை. இப்போது வண்டு வேறு. இந்த மண்ணுக்கே உரிய ஒரு நீள்கொம்பு வண்டின் புழுக்கள் பட்டைக்கடியில் குறுக்காகக் குடைந்து, தண்டைச் சுற்றி வளையம் போட்டுவிடுகின்றன. நீரும் சத்தும் ஓடும் வழி அறுபட்டு மரம் நின்ற இடத்திலேயே சாகிறது. வண்டு புதியது இல்லை. வெப்பமும் வறட்சியும் மரத்தைத் தளர்த்தியதால்தான் அதன் கை ஓங்கியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கோசியஸ்கோ சரிவுகளில் தீ தொடாத முதிய மரங்கள்கூட இப்படிப் பட்டுப்போகின்றன. தீயில் செத்த மரத்தில் கரி ஒட்டியிருக்கும். வண்டு கொன்ற மரத்தில் பட்டை உரிந்த இடத்தில் குறுக்கு வரிகள் தெரியும். அருகில் போய் எடுத்த படத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். அழித்துவிட்டால் ஒன்றும் தெரியாது.

சரி, உறுத்துகிறதே, என்ன செய்வது? கட்டுரையாளரின் சங்கடம் எனக்குப் புரிகிறது. வெள்ளைக் கொம்பு வெளிறிய வானத்தின்மேல் விழுந்தால் படம் சிதறித்தான் தெரியும். அதற்கு வழி காமராவுக்கு முன்னாலேயே இருக்கிறது. நாலு அடி நகர்ந்து, கொம்புக்குப் பின்னால் இருண்ட சரிவு வருமாறு நின்றால், அதே கொம்பு குடிலை நோக்கிக் கண்ணை இழுத்துப் போகும். அகன்ற காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸை வைத்துக் கிளைக்கடியில் புகுந்து எடுப்பதையே கட்டுரை பரிந்துரைக்கிறது. எனக்கு அதில் பெரிய உடன்பாடு இல்லை. கிளை பூதாகரமாகி, குடில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். பின்னால் தள்ளிப் போய் 85 அல்லது 100 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால் மரமும் குடிலும் அவற்றுக்குரிய அளவில் நெருங்கி நிற்கும். லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 11 வைத்தால் இரண்டும் ஓரளவு தெளிவாகவே வரும். புகைபோக்கியை மட்டும் எந்தக் கிளையும் வெட்டக் கூடாது. ஆள் புழங்கிய இடம் என்பதைத் தூரத்திலிருந்து சொல்வது அதுதான்.

நல்ல வெயிலில் எடுங்கள் என்று எழுதியிருந்ததும் எனக்கு ஒப்பவில்லை. நடுப்பகலில் தகரக் கூரை வெளுத்து எரியும். மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். நனைந்த ஸ்நோ கம் பட்டையில் ஆலிவ் பச்சையும் ஆரஞ்சும் செம்பழுப்பும் பட்டை பட்டையாகத் தெளிந்து வரும். போலரைசர் ஃபில்டரைத் திருப்பி ஈரத்தின் பளபளப்பைக் குறைத்தால் நிறம் இன்னும் ஆழமாகும். பனிக்காலத்தில் காமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் வெள்ளையைப் பார்த்து ஏமாந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். ஒளியின் அளவை ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைக்கவேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு ஒளி). கூடவே, படத்தில் வெளிச்சமும் இருட்டும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது.

அழிப்பது கணினியோடு நிற்பதில்லை என்பதும் என் கவலை. படத்துக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையை ஒடித்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே கோணத்துக்காக ஒரே மரத்தடியில் நின்று நின்று வேர்மண் இறுகிப்போகிறது. காய்ந்த கிளை வெறும் குப்பை என்று அச்சில் சொன்னால், இவர்கள் அதை அனுமதி என்று எடுத்துக்கொள்வார்கள். (டிரோன் பற்றிக் கட்டுரை மூச்சே விடவில்லை. இந்தப் பூங்காக்களில் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.)

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். முதலாவது படக்குறிப்பு பற்றியது. கட்டுரையில் வந்த எந்தப் படத்துக்கும் கீழே ஆண்டு இல்லை. எது பழைய குடில், எது எரிந்தபின் கட்டியது என்பதும் இல்லை. எந்த மாதம், எந்த ஆண்டு, குடிலின் எந்தத் திசையில் நின்று எடுத்தது, ஏதாவது அழித்திருந்தால் என்ன அழித்தது என இரண்டு வரி போதும். இன்னொரு நாள் இன்னொருவர் அதே இடத்தில் நின்று ஒப்பிட அது உதவும்.

இரண்டாவது, 2003-க்கு முன் இந்த மலைகளுக்குப் போய்வந்த வாசகர்கள் உங்களுக்கு நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் வீட்டு ஆல்பத்தில் குடில் வாசலில் குடும்பம் நிற்கும் படங்கள் கிடக்கும். பின்னால் தெரியும் மரங்களை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவற்றை அனுப்பச் சொல்லி ஒரு அறிவிப்புப் போடுங்கள். இரண்டு பக்கம் ஒதுக்கினால், அதே இடங்களின் இன்றைய படங்களை எடுத்துத் தர நான் தயார். காய்ந்த கிளைகளோடுதான்.

அன்புடன்,
மெல்பர்னிலிருந்து ஒரு வாசகர்