கொட்டைப்பாக்கு விலை

அன்புள்ள சங்கரா,

"ஐயா எப்படி இருக்காங்க?" என்று தையில் ஒரு தடவை, மாசியில் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை கேட்டிருந்தாய். மூன்றுக்கும் கைகூப்பும் பொம்மையை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தேன். சித்திரையில் நீ கேட்கவில்லை. சரி, பயலுக்குக் கோபம் வந்துவிட்டது என்று புரிந்தது. போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் டப்பா ரமேஷ் கதைக்குப் போய்விடுவோம், சொல்ல வேண்டியது நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். ஆனால் முன்னாடியே சொல்லிவிடுகிறேன், பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டவனுக்குக் கொட்டைப்பாக்கு விலை சொன்ன மாதிரிதான் இது இருக்கப்போகிறது. பழமொழிக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம் கொட்டைப்பாக்கைப் பற்றித்தான், மரியோ வீடியோகேமில் முதலில் எதிரே வருகிற அந்தக் காளான் எதிரிக்கு நாம் வைத்த பெயர் அது.

முதலில் அப்பா. ஐப்பசியில் ஒரு காலையில் இட்லியைப் பிட்ட கை அப்படியே தட்டில் கிடந்தது. எடுக்க வரவில்லை. லேசான பக்கவாதம். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது ஆகாது என்று உனக்கே தெரியும். நடக்கிறார். வலது கை மட்டும் சொன்னதைக் கேட்க யோசிக்கிறது, அதிலும் கட்டைவிரல். பிசியோதெரபி தம்பி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "தினமும் நூறு தடவை அமுக்குங்க ஐயா" என்றான். அப்பா அதை உருட்டிப் பார்த்துவிட்டு, "அமுக்கினா என்ன வரும்?" என்றார். ஒன்றும் வராது என்றதும் பந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அந்தச் சமயத்தில் அக்கா மகன் லீவுக்கு வந்து, ஊருக்குத் திரும்பும்போது அவனுடைய ஸ்விட்ச் என்கிற வீடியோகேம் பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போனான். சந்தா கட்டினால் 1985-இல் வந்த அந்தப் பழைய மரியோவையே அதில் விளையாடலாம். குதிக்கிற பொத்தான் எந்தக் கைக்கு வரும்? வலது கைக் கட்டைவிரலுக்கு. எனக்குப் பொறி தட்டியது. அந்தக் காலத்தில் நம் வீடியோகேம் அடாப்டரைப் பிடுங்கி ஒளித்துவைத்த அதே மனுஷன் கையில் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்து, "அப்பா, இதை அமுக்கினா மரியோ குதிப்பான்" என்றேன். உன்னை நினைத்துக்கொண்டேன். உங்கள் வீட்டு டேப்ரெக்கார்டர் அடாப்டரை மாட்டி நீ கிளப்பிய வாசனை அந்த அறையை விட்டு இன்னும் போகவில்லை என்று அம்மா இப்போதும் சொல்வாள்.

அப்பா ஆட்டத்தைத் தொடங்கினார். நாலு எட்டு வைத்தார். வலப்பக்கத்திலிருந்து கொட்டைப்பாக்கு வந்தது. செத்தார்.

முதல் நாள் 22 தடவை. என் கணக்கு இல்லை, அவருடையது. பழைய மதிப்பெண் பதிவேடு ஒன்றை எடுத்து, கட்டம் போட்டு, தேதி, முயற்சி, முடிவு என்று இடது கையால் கோணல்மாணலாக எழுதி வைத்திருக்கிறார். "முடிவு" என்ற கட்டத்தில் 22 தடவையும் ஒரே சொல்: காளான்.

இனிதான் விஷயம். ஒன்பதாவது படிக்கும்போது மணியண்ணன் கடையில் ஐந்து பரோட்டா பந்தயம் கட்டினோமே, தீராமலே போனதே, அது தீர்ந்துவிட்டது. கொட்டைப்பாக்கு நம்மைத் துரத்துகிறது என்றாய் நீ. துரத்தவில்லை, அது பாட்டுக்குப் போகிறது, நாம்தான் போய் முட்டுகிறோம் என்றேன் நான். ஜெயித்தது நான்.

நிரூபித்தது அப்பா. ஒருவழியாக முதல் காளானைத் தாண்டினார் (மிதிக்கவில்லை, ஏதோ ஒரு குருட்டுக் குதி). அடுத்து குழாய்கள் வரும் அல்லவா? இரண்டாவது குழாய்க்கும் மூன்றாவது குழாய்க்கும் நடுவில் ஒன்று மாட்டிக்கொண்டு நடக்கும். அப்பா இரண்டாவது குழாய் மேல் ஏறி நின்றுகொண்டார். இறங்கவில்லை. நான் அவசரப்படுத்தினேன், "சும்மா இரு, பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். அது போய் ஒரு குழாயில் முட்டுகிறது, திரும்புகிறது, இந்தக் குழாயில் முட்டுகிறது, திரும்புகிறது. தலைக்கு மேல் ஒருவன் நிற்பதே அதற்குத் தெரியவில்லை. இதையே பார்த்துக்கொண்டு நின்றதில் நேரம் முடிந்து மரியோ செத்துப்போனான். திரையில் 400 என்று தொடங்குகிறதே, அது நம் நொடி இல்லை. கொஞ்சம் ஏமாந்தால் இரண்டே முக்கால் நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். பதிவேட்டில் அன்றைக்கு, "காலம். காளானுக்குக் கண் இல்லை" என்று இருக்கிறது. கண் இருக்கிறது, முறைத்த புருவமும் இருக்கிறது, ஆனால் பார்வை இல்லை. பள்ளம் வந்தால்கூட நிற்காமல் உள்ளே விழுகிற ஜென்மம் அது. அதுவா உன்னைத் துரத்தும்?

அப்பா கண்டுபிடித்த இன்னொன்று: ஆட்டம் தொடங்கியதும் ஒரு எட்டுகூட வைக்காமல் நின்றால் அது வரவே வராது. நாம் நகர்ந்து திரை நகர்ந்தால்தான் அந்தக் காளான் உருவாகிறது. முப்பது வருஷம் கழித்துத் தெரிகிறது பார்.

இங்கேயே கடிதத்தை முடித்தால் ஐந்து பரோட்டா எனக்கு. மனசாட்சி விடவில்லை. 1996-இல் வந்த சூப்பர் மரியோ 64-இல், முப்பரிமாணத்துக்கு வந்த கொட்டைப்பாக்கு மரியோவைக் கண்டால் ஒரு துள்ளுத் துள்ளும், அப்புறம் நேராக ஓடிவந்து முட்டும். துரத்தல்தான், சந்தேகமே இல்லை. நாம் சால்னாவை முன்னால் வைத்துக்கொண்டு மாரடித்த அதே வருஷம் ஜப்பானில் அது துரத்த ஆரம்பித்திருக்கிறது! பந்தயம் எந்த ஆட்டத்தை வைத்து என்று நாம் பேசிக்கொள்ளவில்லை என்று நீ கிளம்புவாய். 999999 ஆட்டம் என்று பொய் அட்டை ஒட்டிய அந்த மஞ்சள் கேசட்டில் இருந்தது பழைய மரியோ மட்டும்தான். வேண்டுமானால் இரண்டரை பரோட்டா விட்டுத்தருகிறேன்.

அப்பா படுத்த பிறகு இதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் திட்டு. அதன் பெயர் கூம்பா என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். ஜப்பானில் குரிபோ. குரி என்பது அங்கே வறுத்துத் தின்கிற ஒரு பழுப்புக் கொட்டை. ஆக, கொட்டைப்பாக்கு என்று நாம் வைத்த பெயர் அசல் பெயருக்குப் பக்கத்தில் நிற்கிறது. இவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்த பயல் நீதான், அதை ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர் பேச்சில் கூம்பா என்றால் கூட்டாளி, சேக்காளி. இனிமேல் உன்னை அப்படியே கூப்பிடலாம் என்றிருக்கிறேன்.

ஆனால் என்னை உட்காரவைத்த சங்கதி வேறு. நாம் முதலில் சந்திக்கிற அந்தக் காளானை அவர்கள் செய்தது கடைசியில். மரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் ஆட்டத்தைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டார்கள். முதல் எதிரியாக ஆமைதான் இருந்திருக்கிறது. ஆமையை மிதித்தால் ஓடாகும், ஓட்டை உதைக்க வேண்டும், உதைத்தது திரும்பி வந்து நம்மையே அடிக்கும். முதன்முதலாக விளையாடுகிறவனுக்கு இது ரொம்பக் கஷ்டம் என்று தெரிந்திருக்கிறது. ஒரே மிதியில் போகிற ஒன்று வேண்டும். கேசட்டிலோ இடம் இல்லை. மொத்த ஆட்டமும் 40 கிலோபைட். நீ காலையில் அனுப்புகிற குட்மார்னிங் படம்கூட அதைவிடப் பெரிது. அதனால் ஒரே ஒரு படம் வரைந்து, அதையே இடம் வலமாகப் புரட்டிப் புரட்டிக் காட்டி நடக்கவைத்துவிட்டார்கள். அந்த டுக்கு டுக்கு நடை கலையே இல்லை, இட நெருக்கடி! இன்றைக்கும் கூம்பா என்றால் அந்த ஆட்டி ஆட்டி வைக்கிற நடைதான்.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "நூலை முடிச்சிட்டுத்தானேடா பாயிரம் எழுதணும்? உள்ள என்ன இருக்குன்னு தெரியாம வாசல்ல என்னத்த எழுதுவ?" என்றார். 34 வருஷம் தமிழய்யாவாக இருந்தவரிடம் போய் நான் செய்தி சொல்கிறேன்.

அந்தப் பாயிரத்தையும் அவர் விடவில்லை. முதல் காளானைத் தாண்டியதும் கேள்விக்குறிப் பெட்டியிலிருந்து இன்னொரு காளான் வருகிறதே, மரியோவைப் பெரிசாக்குவது, அதைக் கண்டும் ஓடுகிறார். "இதுவும் அவன் தம்பிதான்." விட்டாலும் அது விடாது. குழாயில் முட்டித் திரும்பி நம்மிடமே வரும், குதித்துத் தப்பலாம் என்றால் மேலே இருக்கிற கல் தலையில் தட்டி அதன் மேலேயே விழவைக்கும். வேண்டுமென்றே அப்படிக் கட்டியதாக மியாமோட்டோவே விளக்கியிருக்கிறார். நல்லது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று நம்பாத ஒரே ஆள் எங்கள் அப்பா.

அந்தக் காலத்துக் கையேட்டில் கூம்பாவைப் பற்றி ஒரு வரி உண்டு: காளான் ராஜ்ஜியத்துக்குத் துரோகம் செய்த காளான். ஊர்க்காரர்களை எதிரி மந்திரம் போட்டுச் செங்கல்லும் கல்லுமாக மாற்றிவிட்டான் என்றும் அதிலேயே இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து செங்கல்லை உடைக்க மாட்டேன் என்கிறார். "ஊர்க்காரனை எதுக்குல உடைக்கணும்?" துரோகியை மிதிக்க மட்டும் ஆட்சேபணை இல்லை, விரல்தான் ஒத்துழைக்கவில்லை.

மற்ற பாகங்களைச் சொல்லி உன்னை அறுக்க மாட்டேன். மூன்றாவது மரியோவில் சிறகு முளைத்துப் பறக்கும், 1990-இல் வந்த சூப்பர் மரியோ வேர்ல்டில் மிதித்தாலும் சாகாமல் குப்புறக் கவிழ்ந்து கிடக்கும் உருண்டை ஜாதி ஒன்று உண்டு, தூக்கி எறியலாம். பேப்பர் மரியோவில் ஒரு கூம்பா நம் கட்சியிலேயே சேர்ந்து கூட வருகிறது. 2017-இல் வந்த சூப்பர் மரியோ ஒடிசியை மட்டும் நீ ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டும். தொப்பியைக் கழற்றி எறிந்தால் மரியோவே கூம்பாவாகிவிடுகிறான், மீசையோடு! ஒன்றின் தலையில் ஒன்றாக ஏறி நின்று கோபுரம் கட்டலாம். பனிக்கட்டியில் மரியோ வழுக்குவான், கூம்பா வழுக்காது. ஒரு பெண் கூம்பா இருக்கிறாள், மரியோவாகப் போனால் ஓடிவிடுவாள், போதுமான உயரத்துக்கு அடுக்காகப் போனால் நிற்பாள். அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பழசைப் போடு" என்றார்.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். மூன்று மாதமாக உனக்குப் பதில் போடாததற்குக் காரணம் இனிமேல்தான் வருகிறது.

இடையில் ஒரு சமயம் நன்றாகத் தேறியிருந்தார். பத்துக்கு ஆறு தடவை மிதித்துவிடுவார். ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காளான் வந்தது. அவர் குதிக்கவில்லை. கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. அது வந்து தொட்டது, மரியோ செத்தான். நான் விளையாட்டாக, "என்னப்பா, சும்மா நின்னுட்டீங்க?" என்றேன். அவர் ஜாய்ஸ்டிக்கைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "குதிச்சேனே" என்றார். "நான் குதிச்சிட்டேன்டா."

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. உள்ளே குதித்துவிட்டார். விரல் வரைக்கும் அது வந்து சேரவில்லை. கை கேட்காதபோது அவருக்குக் கோபம் வரும், பார்த்திருக்கிறேன். இதில் கோபமே இல்லை, குழப்பம்தான். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாள் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். புதிதாக ஒன்றும் இல்லை, களைப்பாக இருக்கலாம், கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர். கவனித்துக்கொண்டே இருக்கிறேன். அதுதான் இப்போது என் வேலை. அவர் விளையாடும்போது நான் திரையைப் பார்ப்பதில்லை, கட்டைவிரலைப் பார்க்கிறேன். அதற்கப்புறம் இரண்டு தடவை அப்படி ஆனது. பதிவேட்டில் அந்த மூன்று இடத்திலும் முடிவுக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார்.

"நல்லா இருக்காரு" என்று உனக்கு ஒரு வரி அனுப்பப் பல தடவை போனை எடுத்தேன். அந்தக் காலிக் கட்டம் ஞாபகம் வரும், வைத்துவிடுவேன். அவ்வளவுதான்டா.

மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்கா மகன் ஸ்விட்சைத் திருப்பிக் கேட்டான், தாத்தாவே போனை வாங்கி அரையாண்டு மதிப்பெண் என்ன என்று கேட்டார், அப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மணியண்ணன் கடையை மகன் நடத்துகிறான், சால்னா முன்னைப்போல் இல்லை, ஆனால் பந்தயம் பந்தயம்தான். டப்பா ரமேஷ் நிலம் வாங்கியதை நேரில் சொல்கிறேன், எழுத்தில் வேண்டாம்.

அப்பா இப்போது மூன்றாவது குழாயைத் தாண்டிவிட்டார். அங்கே இரண்டு காளான்கள் சேர்ந்தாற்போல் வரும், ஞாபகம் இருக்கா? ஒன்றை மிதிக்கிறார், இன்னொன்று தட்டிவிடுகிறது. ஆனியில் லீவு கிடைக்கும் என்று சொல்லியிருந்தாயே, வா. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்து வைக்கிறேன். எப்போதும் போல் நீ மரியோவின் தம்பி லூயிஜிதான். ஐயா செத்தால்தான் உன் முறை வரும், இப்போதைக்கு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். முடிந்தால் வைகாசியிலேயே வா.

உன்,
பாலு

பி.கு.: அடாப்டரை எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று கேட்டுவிட்டேன். என் புத்தக அலமாரியில், தமிழ் இலக்கண நோட்டுக்குப் பின்னால். "அங்க நீங்க ரெண்டு பேரும் கை வைக்க மாட்டீங்கன்னு தெரியும்" என்கிறார்.