நாம வச்ச வேம்பு

கன்னங்குறிச்சி, சேலம்.

டேய் குண்டு,

ஆறு மாசமா ஒரு வரி போடலைன்னு திட்டுவ. மொத்தமா நேர்ல வாங்கிக்கறேன். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். சின்னவன் பாஸ். மல்கோவா விலையைக் கேட்டாலே புளிக்குது. இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

வேம்பு போச்சுடா. அப்பா காரியம் முடிஞ்ச கையோட நாம ரெண்டு பேரும் வச்சது. போன செவ்வாய்க்கிழமை ஏற்காட்டுப் பக்கம் இருட்டிக்கிட்டு வந்து கால் மணி நேரம் காத்து. பெரிய மழைகூட இல்லை. வேம்பாவது சாயறதாவதுன்னு தூங்கிட்டேன். விடிஞ்சு பாத்தா காம்பவுண்டு மேல படுத்திருக்கு, பிடுங்கிப் போட்ட கீரைத்தண்டு மாதிரி.

அடியைப் பாத்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. வெளிய ஓடியிருந்ததே ரெண்டு மூணு வேர்தான். மத்ததெல்லாம் ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி கறுப்புக் கவர்ல எப்படிச் சுத்திக் கிடந்துச்சோ அப்படியே தடிச்சு, ஒண்ணை ஒண்ணு நெரிச்சுக்கிட்டு. ஒரு வேர் அடிமரத்தை அரைஞாண்கயிறு மாதிரி இறுக்கிப் பட்டைக்குள்ள பதிஞ்சிருக்கு. கவரை அன்னிக்கே கிழிச்சுப் போட்டவன் நான். வேருக்கு அந்தச் சேதியே போய்ச் சேரலை.

சிரிக்காதே, உன் பங்கும் இருக்கு. இடுப்பளவு குழி வெட்டி, ஆழமா வச்சா ஆடாதுன்னு வசனம் பேசினது யாரு? அடியில தள்ளின இளமண் மழைக்கு அமுங்க, கன்னும் கூடவே இறங்கிடுச்சு. தண்டும் வேரும் சேர்ற கழுத்து ஒரு சாண் மண்ணுக்குள்ள. அது போதாதுன்னு வருஷாவருஷம் நான் எருவை அடிமரத்தோட அணைச்சுக் குவிச்சேன். அந்த இடத்துப் பட்டையை நகத்தால சுரண்டினா மாவா உதிருது.

எஸ்டேட் மாமா வந்து பாத்துட்டு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். காபிக் கன்னுக்கே ஒன்றரை அடிக் குழிதானாம். வைக்கும்போது கவரோட அடியைச் சுருண்ட ஆணிவேரோட சேத்து ஒரு விரக்கடை சீவிட்டுத்தான் இறக்குவாங்களாம். 1820-கள்லயே காபி வச்ச மலை ஏற்காடு, அது அடிவாரத்துல இருந்துக்கிட்டு நமக்கு இது தெரியலை பாரு.

நீ ஆடியில வாழப்பாடித் தோட்டத்துல 50 கன்னு வைக்கப் போறியாமே, தங்கச்சி போன்ல சொல்லுச்சு. அதுக்குத்தான் இவ்வளவு நீட்டி எழுதறேன். ஆள் உயரக் கன்னு பாத்து மயங்காதே, கவர்ல நாள்பட்டதெல்லாம் உள்ள சுத்தியிருக்கும். சுத்தின வேரைப் பாவம் பாக்காம வெட்டு. குழி, வேரைச் சுத்தியிருக்கற மண்ணுருண்டை உயரத்துக்கு மேல வேண்டாம், அகலம் வேணா மூணு மடங்கு வெட்டு. தண்டு வேரா விரியற இடம் கண்ணுக்குத் தெரியணும். இலைதழையால மூடாக்கு போடு, ஆனா அடிமரத்தை ஒட்டாம ஒரு சாண் தள்ளி. கம்பு கட்டினா லேசா ஆடற மாதிரி கட்டு, ஆடினாதான் அடி பருக்கும். வருஷம் ஒண்ணாச்சுன்னா அவுத்துடு. நைலான் கயிறு கட்டினேன்னு கேள்விப்பட்டா பஸ் ஏறி வந்து உதைப்பேன்.

அம்மா ஒண்ணும் சொல்லலை. காலையில வழக்கம்போல அங்கயே நாற்காலியைப் போட்டாங்க. வெயில் ஏறினதும் தூக்கிட்டு உள்ள வந்துட்டாங்க.

அந்த வேர்ச் சுருளை அறுத்து வாங்கி, உனக்குக் காட்டணும்னு திண்ணையில வச்சிருந்தேன். நேத்துப் பாத்தா அம்மா அதைப் புரிமணையாக்கித் தண்ணிப் பானையை ஏத்தி வச்சிருக்காங்க. பானை அசையலை.

சீக்கிரம் வாடா.

உன்
சோடாபுட்டி