மூடும்போது அவசரம் வேண்டாம், கண்ணு

அன்புள்ள மகளுக்கு,

கழுத்திலுள்ள கரோடிட் தமனியைத் திறந்து அடைப்பை நீக்கும் எண்டார்டெரெக்டமி அறுவையில் அந்த அடைப்பை நீயே தனியாக எடுத்தாய் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் பலமுறை படித்தேன். ரொம்பச் சந்தோஷம். ஆனால் தமனியை எப்படி மூடினீர்கள் என்று நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பிளாக், அதாவது அந்த அடைப்புப் படிவு, முழுசாகக் கழன்று வரும்போது அறையில் எல்லோருக்கும் பெருமூச்சு வரும். அங்கேதான் கவனம் தளர்கிறது. நோயாளிக்குப் பின்னால் வரும் தொல்லைகளில் ரத்தக்கட்டி, கசிவு, மறுபடி வரும் சுருக்கம் எல்லாம் பெரும்பாலும் மூடும் விதத்தோடு தொடர்புடையவை.

திறந்த இடத்தை அப்படியே நேராகத் தைப்பது எளிது, நேரமும் குறைவு. ஆனால் மூளைக்குப் போகும் உள் கரோடிட் தமனியின் விட்டமே பொதுவாக நாலைந்து மில்லிமீட்டர்தான். தையலின் ஒவ்வொரு பிடியும் இரண்டு ஓரங்களிலும் கொஞ்சம் சுவரை எடுத்துக்கொள்ளும். துணியை உள்ளே மடித்துத் தைத்தால் சட்டை இறுகுவதுபோல, குழாய் அந்த அளவுக்கு ஒடுங்கிவிடும். தமனி நல்ல அகலமாக இருந்தால் சிலர் இப்படித்தான் மூடுகிறார்கள். வழக்கமாக இதையே செய்வதை நான் ஏற்கமாட்டேன். திறந்த இடத்தில் ஒட்டுத்துண்டாகப் பேட்ச் வைத்து மூடும்போது பக்கவாதமும் மறுசுருக்கமும் குறைகின்றன என்பதை ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டிவிட்டன. ஐரோப்பிய ரத்தநாள அறுவை சிகிச்சைச் சங்கத்தின் வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது.

பேட்ச் எதில் என்பது அடுத்த கேள்வி. காலிலிருந்து எடுக்கும் சிரை உடம்பின் சொந்தப் பொருள், தொற்று குறைவு. ஆனால் கணுக்கால் பக்கத்துச் சிரை மெல்லியது, அழுத்தம் தாங்காமல் கிழிந்ததுண்டு. எடுப்பதென்றால் தொடையின் மேற்பகுதியிலிருந்து எடு. டாக்ரான் என்ற செயற்கைத் துணி தயாராகக் கிடைக்கும், பலமானது. தொற்று வந்தால் மட்டும் பெரிய தலைவலி. பிடிஎஃப்இ என்ற இன்னொரு செயற்கைப் பொருளில் ஊசித் துளைகள் வழியாகக் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், பொறுமை வேண்டும். மாட்டின் பெரிகார்டியம், அதாவது இதய உறை, கைக்கு மிருதுவாக இருக்கும், தைக்கவும் எளிது. எதுவானாலும் அகலமாக வெட்டிவிடாதே. பெரிய பேட்ச் தமனியைப் புடைக்க வைக்கும், அந்தப் புடைப்பில் ரத்தம் சுழன்று தேங்கும்.

அப்புறம் எவர்ஷன். உள் கரோடிட்டை அதன் அடியில் சாய்வாக வெட்டி, சுவரை வெளிப்பக்கமாகப் புரட்டி, பிளாக்கை உருவிவிட்டு அதே இடத்தில் மறுபடி இணைக்கிறோம். அன்னியப் பொருள் எதுவும் வேண்டாம். தமனி நீண்டு வளைந்திருந்தால் அதையும் குறைத்துச் சரிசெய்யலாம், எனக்கு மிகவும் பிடித்த முறை. ஆனால் பிளாக் மேலே வெகுதூரம் போயிருந்தால் அதன் முனையைக் கண்ணால் பார்ப்பது சிரமம், அறுவையின்போது மூளைக்கு ரத்தம் போக ஷண்ட் என்ற தற்காலிகக் குழாய் வைப்பதும் அத்தனை வசதியில்லை. அப்படிப்பட்ட கழுத்தில் நீளவாக்கில் திறந்து பேட்ச் வைப்பதே எனக்குச் சரியாகப் படும்.

எந்த முறையானாலும் மேல் முனையைப் பார். அங்கே உள்சுவரின் ஓரம் படியாக நின்றால் ரத்த ஓட்டம் அதைப் பெயர்த்துவிடும். தேவைப்பட்டால் சில தையல்களால் பிடித்துவை. உள்ளே மிதக்கும் சின்னத் துணுக்குகளையும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த உப்புநீரால் கழுவிக் கழுவி எடு. உன் கையில் இருக்கும் 6-0 பாலிப்ரொப்பிலீன் என்ற மெல்லிய நூல் ஒரே இழுப்பில் இறுகிவிடும் என்பதால், உதவியாளரிடம் சீரான இழுவிசையைக் கேட்டு வாங்கு.

கடைசி முடிச்சுக்கு முன், தமனியை இறுக்கிப் பிடித்திருக்கும் ஒவ்வொரு கிளாம்பையும் ஒரு நொடி தளர்த்தி, காற்றையும் துகள்களையும் வெளியே தள்ளு. பிறகு முகத்துக்குப் போகும் வெளி கரோடிட்டையும், உள், வெளி இரண்டும் பிரியும் பொது கரோடிட்டையும் முதலில் திற. சில துடிப்புகள் கழித்தே உள் கரோடிட். மிச்சத் துகள் இருந்தால் முகத்துப் பக்கம் போகட்டும், மூளைக்குப் போகக் கூடாது. இந்த வரிசையை மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் மாற்றாதே.

கழுத்தை மூடுமுன், ஹெப்பாரினின் வேலையை முறிக்கும் புரோட்டமின் தருவது பற்றி உன் மூத்தவர்களிடம் கேள். கழுத்தில் ரத்தம் கட்டுவதை அது குறைக்கிறது. அன்றிரவு ரத்த அழுத்தத்தையும் நீயே போய்ப் பார். நோயாளியை நாக்கை நீட்டச் சொல், பேசச் சொல், இரண்டு கைகளையும் தூக்கச் சொல்.

அடுத்த முறை எப்படி மூடினீர்கள், ஏன் அப்படி என்று விவரமாக எழுது.

அன்புடன்,
அம்மா