மாசாய் மாராவுக்குச் செல்வோர் ஓட்டுநரிடம் முதலில் சொல்ல வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கென்யப் பயணக் கட்டுரையைப் படித்தேன். மாசாய் மாராவின் புல்வெளியையும், வில்டபீஸ்ட் மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியையும் கட்டுரையாளர் அழகாக எழுதியிருந்தார். ஆனால், மற்ற வண்டிகளை முந்திக்கொண்டு ஆற்றங்கரையின் விளிம்பு வரை சென்று நிறுத்திய தம் ஓட்டுநரை அவர் பாராட்டியிருந்த இடம் என்னை உறுத்தியது. சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம் அதே ஆற்றங்கரையில் நின்றவள் என்ற முறையில், அந்தச் சாமர்த்தியத்துக்கு விலங்குகள் கொடுக்கும் விலையைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்வது கடமை என்று கருதி இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இடப்பெயர்ச்சியைப் பற்றிச் சில வார்த்தைகள். மாட்டின் தலையும் கொம்பும், மானின் மெலிந்த கால்களும், குதிரைக்கு இருப்பது போன்ற வாலும் கொண்ட வில்டபீஸ்ட் இனத்தில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவை, லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் சிறு மான்களும் உடன்வர, மழையையும் புதுப்புல்லையும் தேடி ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவின் தெற்குப் புல்வெளியில் பிப்ரவரியை ஒட்டிய சில வாரங்களுக்குள் கன்றுகளை ஈன்று, மே, ஜூனில் மேற்கே குருமெட்டி ஆற்றைத் தாண்டி, ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றின் இரு கரைகளிலும் மேய்ந்துவிட்டு, மீண்டும் தெற்கே திரும்புகின்றன. எல்லைக்கு இப்பால் கென்யாவில் இருக்கும் மாசாய் மாரா காப்பகத்தின் பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர்தான். செரெங்கெட்டியோ 14,763 சதுர கிலோமீட்டர். அவ்வளவு பெரிய வட்டத்தின் இந்தச் சிறிய முனையில்தான், ஆறு கடக்கும் காட்சிக்காக உலகெங்கிலுமிருந்து வருவோரின் வண்டிகள் வந்து குவிகின்றன.

இந்த மந்தைகள் என்றென்றும் இப்படியே இருந்தவை அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1880களின் இறுதியில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்த வெக்கை நோய் மாடுகளையும் அவற்றோடு வில்டபீஸ்ட்டுகளையும் வாரிக்கொண்டு போனது. வளர்ப்பு மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு நோயை ஒடுக்கிய பிறகுதான், 1960களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த இவற்றின் எண்ணிக்கை 1970களின் இறுதிக்குள் 13 லட்சத்தை எட்டியது. மனிதர்கள் எடுத்த ஒரு நல்ல முடிவால் மீண்டு வந்த உயிரினம் இது. மனிதர்களின் பொறுப்பின்மை அதன் வழியை மறிப்பதைப் பார்க்கையில் மனம் பதறுகிறது.

நான் பார்த்தது இதுதான். எதிர்க்கரையில் புழுதி கிளம்பியது. மந்தை சரிவில் இறங்கி வந்து, நீரின் விளிம்பில் நின்று முகர்ந்து பார்த்தது. முன்னால் நின்ற ஒரு வரிக்குதிரை முழங்கால் அளவு நீரில் இறங்கி, காதுகளை முன்னும் பின்னும் திருப்பியபடி அப்படியே நின்றது. இந்தப் பக்கத்தில் புதர்களுக்குப் பின்னால் காத்திருந்த வண்டிகளில் ஒன்று எஞ்சினை முடுக்கிக் கரையை நோக்கி நகர்ந்தது. அது நகர்ந்ததைப் பார்த்த அடுத்த கணமே மற்ற வண்டிகளும் பாய்ந்தன. விலங்குகள் ஏறி வர வேண்டிய மேட்டில், கூரையைத் திறந்த வண்டிகள் ஒன்றோடொன்று உரசும்படி வரிசை கட்டி நின்றன; ஆட்கள் எழுந்து நின்று கத்தினார்கள். வரிக்குதிரை திரும்பிவிட்டது. மந்தையும் அதன் பின்னே மேடேறிப் போய்விட்டது. மாலையில் அதே மந்தை, சரிவான அந்தத் துறையை விட்டுவிட்டு, வண்டிகள் நிற்க முடியாத செங்குத்தான கரைப்பகுதியில் இறங்கியது. ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, எதிரேயும் ஏற வழியில்லாமல், சேற்றுச் சுவரில் முன்னங்கால்களால் பிறாண்டிக்கொண்டிருந்த கன்றுகளை என்னால் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் மூழ்கிச் சாவது இயற்கைதானே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். மாரா ஆற்றில் சராசரியாக ஆண்டுக்கு 6,000க்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்டுகள் மூழ்கி இறப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த உடல்கள் முதலைகளுக்கும் பாறுகளுக்கும் மீன்களுக்கும் இரையாகி, எலும்புகள் பல ஆண்டுகள் கரைந்து ஆற்றுக்கு உரமாகின்றன. ஆனால், வெள்ளமும் நெரிசலும் காரணமாக நிகழும் சாவு வேறு. தலைமுறைகளாக நன்கு பழகிய துறையில் ஏறவிடாமல் நாம் வண்டியை நிறுத்தியதால் நிகழும் சாவு வேறு. இரண்டாவதற்கு இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமாகாது.

இது மாராவில் மட்டும் நடப்பதல்ல. எல்லைக்கு அப்பால் செரெங்கெட்டியின் வடபகுதியில், சுற்றுலாப் பயணிகள் வண்டிகளை விட்டு இறங்கிக் கரையோரம் கூட்டமாக நின்று மந்தையின் வழியை அடைத்த காணொளி 2025 ஜூலையில் உலகெங்கும் பரவி, கடும் கண்டனத்துக்கு உள்ளானது. விதிகள் இல்லாமல் இல்லை. மாராவில் ஒரு விலங்கைச் சுற்றி 5 வண்டிகளுக்கு மேல் நிற்கக்கூடாது. மற்றவர்கள் காத்திருந்தால் 10 நிமிடங்களில் இடத்தை விட்டு நகர வேண்டும். விலங்கிடமிருந்து குறைந்தது 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக்கூடாது. சிக்கல் எங்கே என்றால், பருவகாலத்தில் வந்து குவியும் வண்டிகளோடு ஒப்பிட்டால் கண்காணிக்கும் காவலர்கள் மிகச் சிலர். காவலரின் ஜீப் தொலைவில் தெரிந்தவுடன் கலைந்து, அது போனவுடன் மீண்டும் கூடுவதைத்தான் அங்கே கண்டேன்.

ஓட்டுநர்களை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களில் பலர் விலங்குகளின் குணத்தை நம்மைவிட ஆயிரம் மடங்கு அறிந்தவர்கள். விதிகளும் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால், அவர்களது வருமானத்தில் பயணிகள் மனம் குளிர்ந்து கொடுக்கும் அன்பளிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சிங்கத்தை எவ்வளவு அருகில் காட்டினார் என்பதை வைத்தே அன்பளிப்பை நாம் தீர்மானித்தால், அவர் வேறு என்ன செய்வார்? பருவகாலத்தில் வெளிநாட்டவருக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம் மட்டுமே 200 டாலர். அதுவும் 12 மணி நேரத்துக்குத்தான். இவ்வளவு செலவழித்து வந்திருக்கிறோம், கிட்டே போங்கள் என்று பின்னிருக்கையிலிருந்து எழும் குரலுக்கு எதிராக விதியை எடுத்துச் சொல்லும் துணிவு, குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய எளிய மனிதருக்கு எளிதில் வராது. அந்தக் குரல் பல வேளைகளில் தமிழிலும் எழுந்தது என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

இந்த நெருக்கடியால் மிக அதிகமாகத் துன்பப்படுவது சீட்டா எனப்படும் சிவிங்கிப் புலி. சிங்கமும் கழுதைப்புலியும் பெரும்பாலும் இரவில் வேட்டையாடுவதால், அவற்றின் கண்ணில் படாமல் இருக்க இது பகலில் வேட்டையாடுகிறது. அதாவது, நாம் கேமராவோடு சுற்றும் அதே நேரத்தில். ஓடி முடித்ததும் மூச்சு வாங்கும்; உடனே உண்ண முடியாது. அந்த நேரத்தில் வட்டமிட்டு நிற்கும் வண்டிகளே கழுதைப்புலிகளுக்கு இரை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. ஃபெம்கே புரோக்ஹுயிஸ் என்ற ஆய்வாளர் மாராவில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுற்றுலா வண்டிகள் குறைவாக வரும் பகுதிகளில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளைத் தனித்து வாழும் பருவம் வரை வளர்த்துவிடுகிறது. வண்டிகள் மிகுதியாக வரும் பகுதிகளில் அந்தச் சராசரி வெறும் 0.2. இந்த இரண்டு எண்களையும் படித்த பிறகு, சிவிங்கிப் புலியின் முகத்தை மிக அருகில் காட்டும் எந்தப் படத்தைப் பார்த்தாலும், அதை எடுத்தவர் எங்கே நின்றார் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

ஆகவே யாரும் போகக்கூடாது என்பது என் வாதமல்ல. நாம் போகாவிட்டால் நிலைமை மேலும் மோசமாகும். காப்பகத்தைச் சுற்றி மாரா நார்த், நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி போன்ற கன்சர்வன்சி எனப்படும் காப்புநிலங்கள் இருக்கின்றன. அவை அப்பகுதியின் மாசாய் இனக் குடும்பங்களுக்குச் சொந்தமான நிலங்கள். வேலி போடாமல், உழாமல், விலங்குகளுக்காக அவற்றை விட்டுவைப்பதற்குச் சுற்றுலா விடுதிகள் அந்தக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் குத்தகைப் பணம் தருகின்றன. கொரோனா காலத்தில் பயணிகள் வரத்து நின்றபோது இந்தக் குத்தகையைக் கொடுக்கவே அவை திணறின. வருமானம் நின்றால் வேலியும் கோதுமை வயலும்தான் வரும். அப்படி வந்த இடங்களில் மந்தைகள் தேய்ந்தும் போயிருக்கின்றன. இந்த நிலங்களில் தங்கும் அறைகளும் வண்டிகளும் வரம்புக்குட்பட்டவை என்பதால், கட்டணம் கூடுதலானாலும் விலங்குகளை அமைதியாகப் பார்க்க முடிகிறது. வசதி உள்ளவர்கள் பயண நாட்களில் ஒன்றைக் குறைத்தாவது இங்கே தங்குவதைப் பரிசீலிக்கலாம்.

வசதி இல்லாதவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. அதற்குச் செலவே இல்லை. முதல் நாள் காலையில் வண்டி கிளம்பும் முன், வண்டியிலிருக்கும் அனைவரும் கேட்கும்படி ஓட்டுநரிடம், விதியை மீறி எங்களுக்கு எதையும் காட்ட வேண்டாம், ஒன்றும் பார்க்காமல் திரும்பினாலும் உங்களுக்குரிய அன்பளிப்பு குறையாது என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஓட்டுநர் இதைக் கேட்டதும் திரும்பிப் பார்த்துக் கைகூப்பினார். அன்று அவர் கூட்டத்தைத் தவிர்த்து ஒரு நீர்நிலைக்கு அழைத்துச் சென்று எஞ்சினை நிறுத்தினார். நீர்யானைகள் மூச்சுவிடும் ஒலியும், அவற்றின் முதுகில் உண்ணி பொறுக்கும் பறவைகளின் கீச்சொலியும் தவிர வேறு சத்தமே இல்லை. குழந்தைகள்கூட ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் ஊர்ப் பயண ஏற்பாட்டாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். பயணத்துக்கு 10 நாட்களுக்கு முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், கிண்டி கிங் ஆய்வகத்துக்குப் போங்கள், சான்றிதழை மறக்காதீர்கள், மின்னணுப் பயண அனுமதியை வாங்குங்கள், கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் புளியோதரையைக்கூட அதில் கட்டி எடுத்து வராதீர்கள் என்று அவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்புகிறார்கள், பாராட்டத்தக்க அக்கறை. அந்தத் தாளிலேயே 5 வண்டிகள், 10 நிமிடங்கள், 25 மீட்டர் என்ற விதிகளையும் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க முடியாதா? பார்ப்பது உறுதி, மிக அருகில் காணலாம் என்றெல்லாம் விளம்பரம் செய்யாமல் இருக்க முடியாதா? கிடைக்காத ஒன்றுக்கு உறுதி கொடுத்தால், அந்த உறுதியைக் காப்பாற்றும் சுமை கடைசியில் ஓட்டுநர் தலையில்தான் விழுகிறது.

தங்கள் நாளிதழுக்கும் இதில் பங்கிருக்கிறது. ஜூலை மாதம் நெருங்கும்போது கென்யா, தான்சானியா பயணங்கள் குறித்த கட்டுரைகளும் விளம்பரங்களும் மீண்டும் வரும். அவற்றோடு இந்த விதிகளை ஒரு சிறு பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டும் என்றும், வண்டிகள் விலங்கை நெருக்கி நிற்கும் படங்களைப் பயணக் கட்டுரைகளுக்குத் தேர்ந்தெடுப்பதைத் தவிர்க்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருச்சி.