கோடான் பயணம் குறித்துப் பெற்றோருக்குக் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களே, வணக்கம்.

வரும் சனிக்கிழமை நம் தமிழ்ப் பள்ளியில் வகுப்பு கிடையாது. பிள்ளைகளை நம் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியின் துறைமுகக் கரையில் இருக்கும் கோடான் வாட்டர்பிரண்டுக்கு அழைத்துப் போகிறோம். "கடைகளும் சினிமாவும் சூதாட்ட விடுதியும் இருக்கும் இடத்தில் தமிழ்ப் பள்ளிக்கு என்ன வேலை?" என்று உங்களில் சிலர் நேரிலேயே கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். சூதாட்ட விடுதிப் பக்கம் பிள்ளைகள் போகமாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் லீவு விட்டால் அவர்கள் உங்களோடு போகிற இடமே கோடான்தானே? அந்தக் கரையின் கதையை ஒருமுறையாவது நின்று கேட்டுவிட்டு வரட்டும் என்பது என் ஆசை.

வளாகம் திறந்தது 1996-இல். பெயரோ பிரெஞ்சுக்காரர் காலத்தது. அங்கே உப்பளம் அமைத்தவரின் பெயர் அது. உப்பு விளைந்த கரையில் இன்று வண்ணக் குடைகள் தலைக்கு மேல் தொங்குகின்றன.

முதலில் போவது அங்குள்ள புளூ பென்னி அருங்காட்சியகத்துக்கு. 1847-இல் நம் தீவில் அச்சான ஒரு பென்னி, இரண்டு பென்னி அஞ்சல்தலைகள் அங்கே இருக்கின்றன. வகைக்கு 500 மட்டுமே அச்சடித்தார்கள். வெளிச்சத்தில் நிறம் மங்கிவிடும் என்பதால் அசல் தலைகளுக்கு மணிக்குப் பத்து நிமிடம்தான் விளக்குப் போடுகிறார்கள். சென்ற முறை நாங்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். கடைசியாக வந்த ஒரு சிறுமி கண்ணாடியில் நெற்றியை வைத்து, இடது ஓரத்தில் இருக்கும் 'போஸ்ட் ஆபீஸ்' என்ற எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்த்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இம்முறை அப்படி நேரவே கூடாது. காலை 8.30 மணிக்கு ரோஸ் ஹில் மெட்ரோ நிலையத்தில் பிள்ளை நிற்க வேண்டும். உங்கள் காலைப் பரபரப்பு எனக்குத் தெரியும். ஆனாலும் தயவுசெய்து பிந்த வேண்டாம்.

பிறகு துறைமுகத்தை ஒட்டியே நடந்து, ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய 'ஆப்பிரவாசி காட்' என்ற பழைய இறங்குதுறைக்குப் போவோம். 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் இந்தத் தீவுக்கு வந்தார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா ஏறிய கற்படிகள் அங்கே இன்றும் இருக்கலாம். 2006-இல் உலக மரபுச் சின்னமான இடம் அது. அங்கே பிள்ளைகளை அவசரப்படுத்த மாட்டேன். குடும்பத்தில் முதலில் வந்தவர் யார், எந்த ஊர்க்காரர் என்று தெரிந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். பெயர் மட்டும் தெரிந்தாலும் போதும். படியருகே நின்று பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லட்டும்.

மதியம் கோடானுக்கே திரும்பிச் சாப்பாடு, கொஞ்சம் விளையாட்டு. செலவுக்கு நூறு ரூபாய்த் தாள் ஒன்று கொடுத்துவிடுங்கள். அதில் இருக்கும் தமிழ் எழுத்தை வாசித்துக் காட்டிய பிறகே ஐஸ்கிரீம் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாளில் இருப்பவர் நம் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் என்பதை வீட்டில் நீங்களே சொல்லிக்கொடுங்கள்.

தொப்பி, தண்ணீர் போத்தல் அவசியம். மாலை 4 மணிக்கு அதே மெட்ரோ நிலையத்தில் பிள்ளைகளை ஒப்படைப்போம். கீழே உள்ள சம்மதச் சீட்டைக் கையெழுத்திட்டுப் புதன்கிழமைக்குள் அனுப்புங்கள். அதற்கு முன் இந்தக் கடிதத்தைப் பிள்ளையே உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்